டபுள் வாங்கிய ஆயிரம் வாட்

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் டபுள். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. எட்டுப் பேர் ஏறும் லிஃப்டில் பத்துப் பேர் எடைக்கு இரும்புக் கட்டிகளை ஏற்றி ஓட்டிப் பார்க்காமல், இருபத்திரண்டு வருடமாக அவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. அது தொழில், சரி. வீட்டிலும் மனிதர் அப்படியே இருந்தால் என்ன செய்வது? ஒரு காலண்டர் மாட்ட நாலு அங்குல ஆணி அடிப்பார். வாசல் கதவுக்கு இரண்டு பூட்டு. வெயில் காய்கிற நாளில் ஒரு குடை, மேகம் தெரிந்தால் இரண்டு. இப்பேர்ப்பட்டவரைக் கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்க அனுப்பியது அவர் மனைவி செய்த தப்பு.

மனைவி கட்டட வரைபடம் போடுகிறவள். வேலை பார்த்த அலுவலகம் ஊரை விட்டே போன பிறகு மூன்று வருடமாகக் கை சும்மா இருந்தது, மனசு சும்மா இருக்கவில்லை. இப்போது ஒரு கம்பெனி வீட்டிலிருந்தே வேலை தருகிறேன் என்றது. பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றின் ஃபைலை அனுப்புவார்கள். அதைத் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் திருத்தி வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பினால் வேலை. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆள்.

கடையில் பாகங்களைப் பூட்டித் தயாராக விற்கும் கம்ப்யூட்டர் விலை கைக்கு எட்டவில்லை. ஆகவே தனித்தனியாக வாங்கிப் பூட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. இரண்டு வாரம் விலை பார்த்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா என்று பார்த்து, அவள் ஒரு பட்டியல் எழுதினாள். பிராசசர், கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பது, தனி கார்டு வேண்டாம். அதற்கேற்ற மதர்போர்டு, டிஸ்க். ரேம் எட்டு ஜிபி, இரண்டு. பவர் சப்ளை நல்ல கம்பெனியாக நானூற்றைம்பது வாட், போதும். கேபினெட் கண்ணைப் பறிக்க வேண்டாம், காற்று போனால் சரி. மானிட்டரை அவள் தம்பி கொடுத்துவிட்டான். கடை, கணவர் வேலைக்குப் போகும் வழியில் இருந்தது. புதன்கிழமை பட்டியல் அவர் சட்டைப் பைக்குள் போயிற்று.

கடையில் பட்டியலைப் பிரித்தவருக்கு அந்தப் 'போதும்' உறுத்தியது. அவர் தொழிலில் அப்படி ஒரு சொல்லே கிடையாது.

"ஏம்மா, இதுல பெரிசு எது?"

"ஆயிரம் வாட் இருக்குண்ணே. ஆனா உங்களுக்கு எதுக்கு? கேம் ஆடுறவங்க வாங்குறது அது," என்றாள் கடைக்காரப் பெண்.

"தாங்கணும்மா. நடுவுல நின்னுட்டா யாரு பதில் சொல்றது?"

ஆயிரம் வாட் பெட்டி வந்தது. பணம் இடித்தது. டபுள் யோசிக்கவே இல்லை, பட்டியலிலிருந்து ஒரு ரேமைக் கழற்றிவிட்டார். அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாமாம்.

அன்று மாலை சாப்பாட்டு மேசை மேல் இருவருமாகப் பூட்டினார்கள். அவள் ஸ்க்ரூ வைக்க வைக்க, இவர் பின்னாலேயே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார்.

"ஏங்க, இது லிஃப்ட் இல்லை, மதர்போர்டு. உடைஞ்சிடும், விடுங்க!"

ஒரு வழியாக விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, இருவரும் குழந்தைகள் மாதிரி கை தட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் எத்தனை ரேம் இருக்கிறது என்று அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

வியாழன் காலை ஃபைலைத் திறந்தாள். நாலாவது மாடி வரை வந்து திரை உறைந்துவிட்டது. அணைத்துப் போட்டாள். மறுபடியும் நாலாவது மாடி. மூன்றாம் தடவை அவள் கேபினெட்டைத் திறந்து உள்ளே பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எங்க இன்னொரு ரேம்? ஒண்ணை வெச்சு இவ்வளவு பெரிய ஃபைல் திறக்காதே."

அவர் சொன்னார். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கேபினெட் மூடியைத் திரும்ப மாட்டினாள்.

"நின்னுடக் கூடாதுன்னுதான் வாங்கினேன்."

"நிக்கலைங்க. நகரவும் இல்லை," என்றாள். "நாளைக்கு மதியம் வரைக்கும்தான் டைம்."

அவள் வேலையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் டபுளுக்கு உறைத்தது. அரை நாள் லீவு சொன்னார். பவர் சப்ளையைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஓடினார்.

பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடை வாசலிலேயே எழுதியிருந்தது. இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்து அந்தப் பெண் ஒவ்வொரு பார்ட்டுக்கும் எத்தனை வாட் என்று எழுதி ஒரு பேப்பரை நீட்டினாள்.

"முதல்ல இதைச் சொல்லுங்க. எல்லாப் பார்ட்டும் சேர்ந்து எத்தனை வாட் இழுக்கும்? கூட்டுங்க."

கூட்டினார். நூற்றெண்பது.

"உங்க தொழில்ல எவ்வளவு கூட வெச்சு டெஸ்ட் பண்ணுவீங்க?"

"கால் பங்கு."

"வெச்சுப் பாருங்க."

இருநூற்றிருபத்தைந்து வந்தது. டபுள் இரண்டாவது தடவையும் கூட்டிப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மா எழுதின நானூத்தம்பதே டபுள்தானேண்ணே!" என்று கடைக்காரப் பெண் சிரித்தாள்.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வெட்கம் கலந்த சிரிப்பு. பதினெட்டு வருடம் கூடவே குடித்தனம் நடத்தியவள் அவர் குணம் தெரிந்தேதான் எழுதியிருக்கிறாள். அந்தக் கணக்கின் மேல் இவர் இன்னொரு கணக்குப் போட்டிருக்கிறார். ஆயிரம் வாட்டை வாங்க ஒரு கேம் சென்டர்காரர் இருந்ததால் கடைக்காரப் பெண் கொஞ்சம் விலை குறைத்து எடுத்துக்கொண்டாள். இடித்த தொகைக்குப் புதுச் செருப்புக்கென்று வைத்திருந்ததைக் கொடுத்துவிட்டு, நானூற்றைம்பதும் ஒரு ரேமுமாக வீடு வந்து சேர்ந்தார்.

ஃபைல் பதினாலு மாடியும் திறந்தது. அவள் சாப்பிடுவதற்கு மட்டும் எழுந்தாள். டபுள் ஸ்க்ரூ பக்கமே போகாமல் சோறு வடித்தார், பாத்திரம் தேய்த்தார், நடுநடுவே விசிறிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு அனுப்பினாள். நாலு மணிக்குப் போன் வந்தது, திங்கள்கிழமையிலிருந்து வேலை.

திங்கள்கிழமை அவருக்கு விடுமுறை. பத்து மணிக்குப் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டினார்கள்.

"அவ இருக்காளா? கொஞ்சம் கடைப்பக்கம் கூட வரச் சொல்லலாம்னு வந்தேன்."

டபுள் கதவை முழுசாகத் திறக்காமல் குறுக்கே நின்றுகொண்டார்.

"அவ வேலைல இருக்கா."

"அப்படியா! எங்க போறா?"

"எங்கயும் போகலை. உள்ளதான். வேலைல இருக்கா," என்றார் மறுபடியும், தேவைக்கு மேல் சத்தமாக.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏங்க, மெதுவா! ஆபீஸ்காரங்க லைன்ல இருக்காங்க."

பக்கத்து வீட்டம்மா சிரித்துக்கொண்டே போனார்கள். சத்தம் வராமல் கதவைச் சாத்திய டபுளுக்குக் கண் கலங்கிவிட்டது.