பாப்பம்மாவின் மடியில் இருந்த பியூஸ்

பாப்பம்மா 1971ஆம் ஆண்டு மார்ச் மாதம், உக்குவளைக்கு மேலே மலையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். தந்தை பழனிமுத்து, தாய் காத்தாயி. 1991இல் திருமணப் பதிவு. தொழில் என்ற இடத்தில் ‘தொழிலாளி’. 1993இலும் 1996இலும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவு. தாயின் தொழில், ‘தொழிலாளி’. 1995 முதல் 2021 வரை தோட்டத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரில் வேலை. பெயர்ப் பதிவேட்டில் ‘சல்லடைப் பகுதி, தொழிலாளி’.

பதிவேட்டில் ஏறாதது ஒன்று உண்டு. அவர் ஸ்டோருக்குள் வந்த வருடமே அங்கிருந்த மின்னிணைப்பாளர் கொழும்புக்குப் போய்விட்டார். பதில் ஆளை யாரும் அனுப்பவில்லை. போகுமுன் அந்த மனிதர் வயரும் சுவிட்சும் சொல்லிக்கொடுத்திருந்தது சல்லடை ஓரத்தில் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்ட பாப்பம்மாவுக்கு மட்டும்தான். அன்றிலிருந்து ஸ்டோருக்குப் பூட்டு விழும்வரை தேயிலை காயவைக்கும் டிரையரின் சூடு, மோட்டார், விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு. சம்பளம் மட்டும் சல்லடைக்காரியின் சம்பளம்.

போனவர் விட்டுச்சென்ற வழக்கம் ஒன்றை அவர் ஒருநாளும் மீறியதில்லை. எந்த இயந்திரத்தில் கை வைத்தாலும், முதலில் அதன் பியூஸைக் கழற்றித் தம் சேலை மடியில் செருகிக்கொள்வார். வேலை முடிந்து அவராகக் கொடுக்கும்வரை, தோட்ட மேலாளரான பெரிய துரையே வந்து நின்றாலும் அந்த இயந்திரம் ஓடாது.

2023இல் அவர் எல்கடுவையில் மர்சூக் சேரிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியரான மர்சூக், உரிய அனுமதியோடு, காயம்பட்ட பாம்புகளைத் தேற்றி விடும் இடம் ஒன்றை ஒரு பழைய கட்டடத்தில் நடத்திவந்தார். தம்புள்ளைப் பக்கத்தில் மம்பட்டி வெட்டுப்பட்டதும் லொறியில் அடிபட்டதுமான மலைப்பாம்புகள் அங்கே வரும். கீழ்நாட்டு வெயிலில் வளர்ந்த அவற்றுக்கு மலைக் குளிரில் தின்றது செரிக்காது, கக்கிவிடும். புண்ணும் ஆறாது. ஆகவே மர்சூக் ஆறு தட்டுள்ள மர அடுக்கு ஒன்றைச் செய்வித்தார். தட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பெட்டியின் பின்பாதிக்கு அடியில் சூடு தரும் பட்டி. பாம்பு வேண்டுமானால் சூட்டில் கிடக்கும், வேண்டாமென்றால் முன்பக்கம் நகர்ந்துவிடும்.

வயரிங் செய்ய மாத்தளையிலிருந்து மகேஸ்வரன் வந்தார். முப்பது வயதுக்காரர், அத்தாட்சிப் பத்திரம் உள்ளவர். கூடமாட நிற்கும்படி பாப்பம்மாவுக்குச் சொல்லப்பட்டது. மகேஸ்வரன் ஆறு பட்டிகளையும், சூடு ஏறினால் மின்சாரத்தை நிறுத்தும் ஒரே தேர்மோஸ்டாட்டில் இணைத்து, சூட்டை அளக்கும் அதன் முனையை அடித்தட்டில் ஒட்டினார்.

“தம்பி, மூக்கு கீழ்த்தட்டுல இருக்கு. மேல்தட்டு சூடு அதுக்கு எப்படித் தெரியும்?”

“இது டிஜிட்டல் அக்கா. எல்லாம் தெரியும்.”

“டிஜிட்டலுக்கு என்ன, மாடிப்படி ஏறத் தெரியுமா?”

மகேஸ்வரன் சிரித்தார். “முப்பத்தொண்ணுல வச்சிருக்கேன். முப்பத்தொண்ணுதான் காட்டுது. நீங்க எந்த கோர்ஸ் படிச்சீங்க?”

“டிரையர் படிச்சிருக்கேன்.”

ஸ்டோர் மூடியபோது கேட்டு வாங்கிவந்த வெப்பமானி வீட்டில் இருந்தது. போய் எடுத்துவந்தார். தட்டுக்கு அரைமணி நேரம் வைத்து, கண்ட எண்ணை அடுக்கின் ஓரத்தில் சோக்கால் எழுதினார். குளிர்ந்த சிமெந்துத் தரையை ஒட்டியிருந்த அடித்தட்டில் முப்பத்தொன்று. ஏற ஏறக் கூடி, உச்சித்தட்டில் முப்பத்தெட்டு. பிறகு சுவரிலிருந்த பீங்கான் பியூஸைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டார்.

“என்னக்கா செய்றீங்க?”

“மேல்தட்டுல முன்பாதியும் சுடுது. அதுல கிடக்கிறது அவிஞ்சு போகும். அது என்ன, பெட்டியைத் திறந்துக்கிட்டு இறங்கி கீழ்வீட்டுக்குக் குடிபோகுமா?”

மர்சூக் வந்தார். சோக்கு எண்களை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தார். தம் வெப்பமானியைக் கொண்டுவந்தார். பியூஸைக் கேட்டபோது பாப்பம்மா கையில் கொடுக்காமல் தாமே செருகினார். அளந்து முடித்ததும் மர்சூக் சொன்னார்: “பாப்பம்மா சொல்றதுதான் சரி, மகேஸ்வரன்.” பியூஸ் மறுபடி மடிக்குப் போனது.

மகேஸ்வரனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. “எனக்கு நாவுல டவுன்ல வேற வேலை இருக்கு சேர். இன்னும் அஞ்சு தேர்மோஸ்டாட் வாங்கித் தாறேன். அக்காவே செய்யட்டும். நான் வந்து பாத்துக் கையெழுத்துப் போடுறேன்.”

“செய்றேன்,” என்றார் பாப்பம்மா.

மூன்று நாள் செய்தார். தட்டுக்கு ஒரு தேர்மோஸ்டாட். ஒவ்வொன்றின் முனையும் அந்தந்தப் பெட்டியின் சூடான பாதிக்கு அடியில். ஒரு பட்டி பழுதானால் மற்ற ஐந்தும் ஓடும். பாம்பு இழுத்துவிடாதபடி வயர்கள் வெளிப்புறமாகவே போயின. அந்த மூன்று நாளும் பாம்புகளின் பழைய பெட்டிகளில் சுடுதண்ணீர்ப் போத்தல்களைத் துணி சுற்றி வைத்து, சூடு ஆறுமுன் மாற்றினார்.

நான்காம் நாள் மகேஸ்வரன் வந்து ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்தார். மீட்டரால் சோதித்தார். பாப்பம்மா பியூஸைச் செருகி நான்கு மணிநேரம் ஓட்டிக் காட்டினார். ஆறு தட்டிலும் முப்பத்தொன்று. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பாப்பம்மா பியூஸைக் கழற்றிக்கொள்ள, மகேஸ்வரன் அனுமதிக் கோப்புக்கான படிவத்தை நிரப்பி நீட்டினார்.

வேலை செய்தவர்: மகேஸ்வரன், மின்னிணைப்பாளர். பரிசோதித்தவர்: மகேஸ்வரன். உதவி: பாப்பம்மா, தொழிலாளி.

“இதுல உங்க கையெழுத்தும் வேணும்க்கா. அப்படியே பியூஸையும் குடுங்க.”

“வேலை இன்னும் முடியலயே தம்பி.”

“என்ன முடியல?”

“இந்தக் கடதாசி.”

மர்சூக் சங்கடத்தோடு குறுக்கிட்டார். “நாளைக்கு அனுமதி குடுத்த ஆபீஸ்ல இருந்து பார்க்க வாராங்க பாப்பம்மா. உங்கள்ட்ட அத்தாட்சிப் பத்திரம் இல்லையே. அவர் கையெழுத்து இல்லாம முடியாது.”

“போடட்டும் சேர். பாத்தவர்னு போடட்டும். பாத்தாரு, நல்லாவே பாத்தாரு. செஞ்சவர்னு ஏன் போடணும்?”

“ஒரு பேர்ல என்னக்கா இருக்கு?” என்றார் மகேஸ்வரன்.

“ஒண்ணுமில்லன்னா எழுதிடுங்களேன்.”

“பாம்பு குளிர்ல கிடக்குது.”

“கிடக்கல. இப்பதான் போத்தல் மாத்தினேன். சாயங்காலமும் மாத்துவேன், நாளைக்கும் மாத்துவேன். கல்யாணத்துல தொழிலாளின்னு எழுதினாங்க, சும்மா இருந்தேன். ரெண்டு புள்ளைக்கும் அப்படியே எழுதினாங்க. ஸ்டோர்ல டிரையரை ஓடவச்சுட்டு சல்லடைன்னு கையெழுத்துப் போட்டேன். இதுல போட மாட்டேன்.”

அவர் கை மடியை விட்டு விலகவில்லை. மர்சூக் சேர் படிவத்தை வாங்கிப் படித்தார். சோக்கு எண்கள் இன்னும் அழியாத அடுக்கைப் பார்த்தார். புதுப் படிவம் ஒன்றை மகேஸ்வரன் முன் வைத்தார்.

“உள்ளதை எழுதுங்க தம்பி. எனக்குக் கோப்புல உள்ளதுதான் வேணும்.”

மகேஸ்வரன் பேனாவை உதறிக்கொண்டு எழுதினார். பாதியில் நிமிர்ந்தார். “அனுபவம்னு ஒரு கட்டம் இருக்கு. எத்தனை வருஷம்னு போட?”

பாப்பம்மா யோசிக்கவில்லை. “தொண்ணூத்தஞ்சுல இருந்து ஸ்டோர் மூடுறவரைக்கும். அதோட இந்த மூணு நாள்.”

“நாளுக்குக் கட்டம் இல்லக்கா.”

“சரி, அதை விட்டுக்குடுக்கிறேன்.”

படிவத்தை வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்துக் கையெழுத்திட்டார். பிறகு பியூஸை மடியிலிருந்து எடுத்து மகேஸ்வரனின் உள்ளங்கையில் வைத்தார்.

வேலை செய்தவர்: பழனிமுத்து பாப்பம்மா. தொழில்: மின்னிணைப்பாளர். பரிசோதித்தவர்: மகேஸ்வரன். செய்தவரின் அனுபவம்: இருபத்தாறு ஆண்டுகள்.