நெட்டையரின் கிற்றாரும் அம்மாவின் கசெற்றும்

என் அப்பாவுக்குக் கடிதம் எழுத வராது. எழுத்துத் தெரியாத மனுஷன் இல்லை, ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். ஊரார் கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்தியே கை அலுத்துவிட்டதோ என்னவோ, தன் பெண்சாதிக்கு எழுத உட்கார்ந்தால் நாங்கள் சுகம் என்பதற்கு மேல் பேனா நகராது. ஆகவே எங்கள் வீட்டில் எல்லாம் கசெற்றில்தான்.

என் பிள்ளைகளுக்குக் கசெற் என்றால் என்னவென்று விளங்கப்படுத்தி நான் தோற்றுப்போனேன். உங்களுக்காவது சொல்கிறேன். றெக்கோடரை மேசையில் வைத்து, சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டு, ஆள்மாறி ஆள் கதைப்போம். ஊருக்குப் போகிற யாராவது கொண்டுபோவார்கள். அங்கே அம்மா அதை நாலைந்து தரம் கேட்பார். பிறகு அதே கசெற்றில், எங்கள் கதைக்கு மேலேயே, தன் கதையைப் பதிந்து வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவார். நாங்கள் கேட்டுவிட்டு அவர் கதைக்கு மேலே எங்கள் கதையைப் பதிவோம். ஒரு கசெற் நாடா நைந்து போகும்வரை போய்வரும். ஒன்று அழிந்துதான் அடுத்தது வரும். அதில் துக்கப்பட ஏதும் இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

கனடாவுக்கு, மொன்றியலுக்கு, நாங்கள் மூன்று பேர்தான் முதலில் வந்தோம். அப்பா, அம்மாவின் தம்பியான மாமா, ஒன்பது வயது நான். கைக்குழந்தையாக இருந்த தம்பியோடு அம்மா ஊரிலேயே நின்றுவிட்டார். பத்திரங்கள் சரிவந்ததும் கூப்பிடுவதாக ஏற்பாடு. அப்பாவுக்குச் சென்ட் லோரன்ட்டில் பெட்டி கட்டுகிற தொழிற்சாலையில் வேலை. மாமா ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்குவார். பார்க் எக்ஸ் என்கிற பகுதியில், வெளியே இரும்புப் படி வைத்த ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம்.

கீழ்வீட்டில் இரண்டு கிழவர்கள். அவர்களுடைய பேர் எங்கள் வாயில் நுழையாததால் நெட்டையர், கட்டையர் என்று மாமா வைத்துவிட்டார். நெட்டையர் கறுப்பினத்தவர். அவருடைய தகப்பன் ரயிலில் பிரயாணிகளுக்குப் படுக்கை விரித்துக் கொடுக்கிற வேலை செய்தவராம். கட்டையர் இந்த நாட்டுக் காட்டுப்புறத்துப் பிரெஞ்சுக்காரர். மரம் வெட்டப்போன இடத்தில் மவுத் ஓர்கன் பழகிக்கொண்டவர். நெட்டையர் கிற்றார் வாசித்துப் பாடுவார், கட்டையர் மவுத் ஓர்கன் ஊதுவார். வேறு வாத்தியம் கிடையாது, ஒலிபெருக்கியும் கிடையாது. தாளத்துக்கு நெட்டையரின் சப்பாத்துக்கால் மட்டும்.

அமெரிக்காவின் தெற்கே, பருத்தி எடுத்த ஏழைச் சனத்தின் பழைய பாட்டுகள் அவை. அதற்குப் புளூஸ் என்று பேர் என்பதெல்லாம் பின்னாளில் தெரிந்தது. அப்போது என் காதுக்கு, கிற்றார் ஏதோ ஒரு வழக்குச் சொல்வதும் மவுத் ஓர்கன் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நடுவில் தானும் விம்முவதும் போலிருக்கும். செத்தவீட்டில் கல்யாண மேளம் அடிக்கிறார்கள் என்று மாமா சொல்வார். ஒருநாள் நெட்டையரிடம் இது என்ன பாட்டு என்று கேட்டேன். ஆறு பெருகி வீடு போன பாட்டு என்று சொல்லிச் சிரித்தார். வீடு போனவன் இப்படிக் காலால் தாளம் போடுவானா, கிழவர் புளுகுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் பனி விழத் தொடங்கியதும் நெட்டையர் இறந்துபோனார்.

மூன்று கிழமை கழித்துக் கட்டையர் எங்கள் படியேறி வந்தார். கையில் ஒரு கசெற். முப்பது வருஷமாகக் குடிக்கடைகளிலும் மாதாகோயில் மண்டபங்களிலும் சேர்ந்து வாசித்திருந்தாலும், ஒருவரும் அவர்களைப் பதிந்து வைக்கவில்லை. கடைசி இலையுதிர்காலத்தில்தான் குசினி மேசையில் ஒரு றெக்கோடரை வைத்துத் தாங்களே பதிந்திருக்கிறார்கள். அந்த ஒரு கசெற்தான். கட்டையரின் றெக்கோடரோ நாடாவைச் சப்புகிற சாதி. மாமாவிடம் இரண்டு கசெற் போடுகிற பெரிய செற் இருந்தது, தமிழ்ச் சனத்துக்கெல்லாம் சினிமாப் பாட்டுப் பிரதி எடுத்துக் கொடுப்பார். இதற்கும் ஒரு பிரதி வேண்டும் என்று கட்டையர் என்னிடம் பிரெஞ்சில் சொல்ல, நான் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். வீட்டில் பிரெஞ்சு தெரிந்த ஒரே பெரிய மனுஷி நான்தான். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏறிய ஒரே பாடமும் அதுதான், அதுவும் முழுதாக ஏறவில்லை.

மாமா அந்தக் கசெற்றைப் பிரிட்ஜுக்கு மேலே வைத்தார். எங்கள் வெறுங் கசெற்றுகள் இருந்ததும் அங்கேதான்.

சனிக்கிழமை, எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அன்று பின்னேரமே கொழும்புக்குப் பறக்கிறார் என்று தகவல் வந்தது. இப்படியான தகவல் வந்தால் வீட்டில் தீப்பிடித்தது போலத்தான். அப்பா எட்டிக் கைக்கு அகப்பட்டதை எடுத்துச் செற்றில் போட்டார். மேலே ஏதோ பிரெஞ்சில் எழுதியிருந்தது. எங்கள் கசெற்றுகளில் பாதிக்கு மேல் பழைய சாமான் கடையில் வாங்கியவை, எல்லாவற்றிலும் அப்படி ஏதாவது எழுதித்தான் இருக்கும். அப்பா வானொலிச் செய்தி வாசிக்கிறவர் மாதிரிக் கதைத்தார். நான் வாய்ப்பாடு சொன்னேன். மாமா இருமினார். இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கக் கதை தீர்ந்துவிட்டது. அப்பா பொத்தானை அமத்தி நிறுத்தி, கசெற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள்தான் மாமா பிரதி எடுக்கத் தேடினார். தேடினார், பிறகு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாமாவின் மூளை நேர்வழியில் போகாது. செற் பழுதாகிவிட்டது, அடுத்த கிழமை வரச்சொல் என்று எனக்குப் பாடமாக்கித் தந்தார். நானும் போய்ச் சொன்னேன். அடுத்த கிழமை செற் திருத்தக் கொடுத்தாயிற்று. அதற்கடுத்த கிழமை திருத்துகிறவருக்குக் காய்ச்சல். காய்ச்சல் நான் சேர்த்தது. கட்டையர் ஒவ்வொரு முறையும் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போவார். நாலாவது முறையும் அவர் மெர்சி சொல்லிவிட்டுப் போனபோது, அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பினார்.

"அத்தான், இன்னும் கொஞ்சநாள் சமாளிப்பம்," என்றார் மாமா.

"செத்த மனுசன்ரை குரலடா அது," என்றார் அப்பா. "பிள்ளை, நீ வா. நாங்கள் அழிச்சுப்போட்டம் எண்டு சொல்லு. வேறை ஒண்டும் சேர்க்காதை."

அழிப்பதற்குப் பிரெஞ்சில் எனக்குத் தெரிந்த சொல் கரும்பலகைக்குச் சொல்கிற சொல். கீழ்வீட்டுக்குப் போய் அதைத்தான் சொன்னேன். கட்டையர் குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். நெட்டையரின் கிற்றார் சுவரோரம் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, முழுவதுமா என்று கேட்டார். கடைசியில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்று அப்பா விரலால் அளவு காட்டினார். அது எங்கே இருக்கிறது? யாழ்ப்பாணத்தில். திரும்பி வருமா?

அப்பா என்னைப் பார்த்தார். திரும்பி வரும். ஆனால் அம்மா தன் கதையை அதற்கு மேலேதான் பதிந்து அனுப்புவார். எங்கள் வழக்கம் அப்படி. மிஞ்சின கொஞ்சமும் போய்விடும் என்று அப்பா சொல்லித்தர, அதையும் சொன்னேன்.

அதில் கதைக்க வேண்டாம் என்று அம்மாவுக்குச் சொல்ல அப்பா அலையாத இடமில்லை. ஊரில் தொலைபேசி வைத்திருந்த ஒரே கடைக்கு எடுத்துப் பார்த்தார், லைன் கிடைக்கவில்லை. கடிதம் எழுதினார். அவர் எழுதியதிலேயே நீளமான கடிதம் அதுதான், முழுதாக ஒரு பக்கம். அதற்கும் பதில் இல்லை. ஊரில் இராணுவம் இறங்கியிருக்கிறது, ஷெல் அடிக்கிறார்கள், தபாலும் போகாது, ஆளும் வராது என்று வானொலியில் சொன்னார்கள். வானொலி அதைச் சொல்லத் தொடங்கினால் அப்பா என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவார். அந்த மாதங்களில் தெப்பனேர் என்கிற மூலைக்கடைக்குப் போய் நான் வாங்கிய பாலில் ஒரு குளம் கட்டியிருக்கலாம்.

அம்மா பிறகு வந்து சேர்ந்து, இந்த வயதிலும் எனக்குப் பிள்ளை வளர்க்கப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறார். அது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பனி கரைந்த பிறகு அப்பா வேலை முடிந்து வந்து வெளிப்படியில் உட்காருவார். கட்டையரும் வந்து இரண்டு படி கீழே உட்காருவார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. என்னைக் கூப்பிடவும் மாட்டார்கள். கட்டையர் அப்பாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார், அப்பா தலையை ஆட்டி இல்லை என்பார். அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் ஒரு கசெற்றுக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன்.

கோடை முடியும் முன்னர், யாரோ கொழும்புக்குக் கொண்டுவந்து, யாரோ ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஒருவர் மடியில் வைத்துக் கொண்டுவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். பழைய சீலைத்துண்டில் சுற்றி, நூலால் கட்டியிருந்தது. அதே கசெற். நூலை மாமா பல்லால் கடித்து அறுத்தார்.

"போய்க் கட்டையரைக் கூட்டிக்கொண்டு வா," என்றார் அப்பா.

கட்டையர் ஞாயிற்றுக்கிழமைகளில் போடுகிற நல்ல சேட்டோடு வந்தார். முதல் பக்கம் முழுவதும் அப்பாவின் குரலும் என் வாய்ப்பாடும் அப்படியே இருந்தன. மாமா மறுபக்கம் திருப்பிப் போட்டார். அங்கும் முதலில் எங்கள் கதைதான், அது முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அம்மா வந்தார். பின்னால் நிறையச் சனத்தின் சத்தம், குழந்தைகளின் அழுகை, எங்கேயோ ஒரு மணி.

"பிள்ளை, அம்மா கதைக்கிறன். நாங்கள் இப்ப கோயில்லைதான். ஊர்ச்சனம் முழுக்க இங்கைதான், இரவிலையும் ஒருதரும் வீட்டை போறேல்லை. பெரிய கிடாரத்திலை கஞ்சி காய்ச்சி எல்லாருக்கும் ஊத்தினம். பள்ளிக்கூடம் இல்லை. தம்பி மணிச் சத்தம் கேட்டுச் சிரிக்கிறான். நீ அப்பான்ரை சொல்வழி கேட்டு நட."

பிறகு குரலைத் தணித்து அப்பாவுக்குச் சொன்னார்.

"பழைய பற்றறியை வெயில்லை காயவைச்சுத்தான் இதைப் பேசுறன், இஞ்சருங்கோ. கடைசியிலை ஆரோ வாசிக்கினம். சனம் எல்லாம் அதைத்தான் போடு போடு எண்டு கேக்குது. ஆர் எண்டு தெரியாது. அதுக்கு மேலை கதைக்க எனக்கு மனம் வரேல்லை. விட்டிட்டன்."

பொத்தான் அமத்துகிற சத்தம். அதன் பிறகு நெட்டையரின் கால். கால் இரண்டு தரம் தட்ட, கிற்றார் பிடித்துக்கொண்டது, மவுத் ஓர்கன் பின்னால் வந்தது. நெட்டையர் பாடினார். நடுவில் அடுப்பிலிருந்த கேத்தில் கூவியதும், கட்டையர் மூச்செடுத்ததும்கூடக் கேட்டன. ஒரு பாட்டு முழுதாக, இன்னொன்றில் பாதி, அவ்வளவுதான். நாடா முடிந்து டக்கென்று நின்றது.

கட்டையர் மாமாவைப் பார்த்துக் கையைப் பின்னால் சுழற்றிக் காட்டினார். மாமா பாட்டுத் தொடங்குகிற இடம்வரை ஓட்டினார். இல்லை, இன்னும் பின்னால் என்றார். அம்மாவிடம் வந்துதான் நிறுத்தவிட்டார். தொப்பியை மடியில் வைத்து, தலையைக் குனிந்து, ஒரு சொல்லும் தெரியாத பாஷையை முதலிலிருந்து கேட்டார். எனக்கு அலுப்பாக இருந்தது. அம்மா வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் கதைத்திருந்தார். எனக்குரிய நாடாவை யாரோ கிழவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்ற கோபம் வேறு.

அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கட்டையர் என்னிடம் கேட்டார்.

நான் எழும்பி நின்று பெருமையோடு சொன்னேன். எங்கள் ஊர்க் கோயிலில் பெரிய திருவிழா நடக்கிறது. ஊரே அங்கேதான். இரவிலும் யாரும் வீட்டுக்குப் போவதில்லை, எல்லாரும் சேர்ந்து கோயிலிலேயே படுக்கிறார்கள். பெரிய பாத்திரத்தில் சமைத்து எல்லாருக்கும் சாப்பாடு. பள்ளிக்கூடமும் விடுமுறை. என்னை மட்டும் இங்கே கொண்டுவந்துவிட்டார்கள் என்றும் என் பங்குக்குச் சேர்த்துக்கொண்டேன்.

கட்டையர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒன்றுமே சிந்தாத மேசையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். மாமா எழுந்து போய் யன்னல் பக்கம் நின்றார்.

இதற்கு மேல் இனி யாரும் ஒன்றும் பதியக்கூடாது, அப்பாவிடம் சொல் என்று கட்டையர் என்னிடம் சொன்னார். நான் சொன்னேன். அப்பா குசினியிலிருந்து கத்தியை எடுத்துவந்து, கசெற்றின் முதுகிலிருந்த இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் பல்லையும் நெம்பி உடைத்தார். அதை உடைத்துவிட்டால் எந்தச் செற்றும் அதில் பதியாது. பிறகு மாமா கட்டையருக்குப் பிரதி எடுத்தார். பாட்டை மட்டும் எடுக்கவா என்று கேட்கச் சொன்னார், கேட்டேன். அம்மாவிலிருந்து வேண்டும் என்றார் கட்டையர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்குப் பதில் சொல்ல எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். திருவிழாக் கடையில் எனக்குச் சிவப்புக் காப்பு வாங்கிக் கொடுத்துவிடவேண்டும் என்று சொல்ல இருந்தேன். இனி எதில் சொல்வது? வேறு கசெற் வாங்கலாம் என்று அப்பா சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டையர் படியிறங்கிப் போகும்போது என் தலையைத் தடவ வந்தார், நான் தலையை இழுத்துக்கொண்டேன். தன் சிநேகிதனுடைய ஒன்றரைப் பாட்டுக்காக எங்கள் கசெற்றைப் பூட்டிவிட்டுப் போகிற சுயநலக்காரக் கிழவர் என்று, அதற்குப் பிறகும் பல வருஷம் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.