டிக்கிக்குள் இருந்து வந்த குரல்

என் பழைய காருக்கு பாட்டு அதிர ஒரு சப்வூஃபர் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கி, வீடியோ பார்த்து நானே மாட்டினேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி ரோட்டில் இறங்கியதும் கூடவே 'ஙொய்ய்ய்' என்று ஒரு சத்தம் கிளம்பும். ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் ஏறும், காலை எடுத்தால் இறங்கும். வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் மட்டும் பரம சாதுவாக இருக்கும்.

என் மனைவிக்கு அது ஆகவே ஆகாது.

"பல் டாக்டர்கிட்ட வாயத் தொறந்துகினு உக்காந்த மாரி கீது. இனிமே அது இந்த வண்டில இருந்தா நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றாள்.

கல்பாக்கத்தில் என்னோடு வேலை பார்க்கும் செய்யூர்க்கார நண்பனிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். பாட்டுப் பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயர்களைப் பிடுங்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டினோம். பாட்டு நின்றது, சத்தம் நிற்கவில்லை.

"அப்ப கோளாறு பின்னாடிதான் மச்சான். ஓடும்போது யாராவது கிட்ட இருந்து பாக்கணும்" என்றான். ஆம்ப்ளிஃபயர் இருந்தது டிக்கியில். நான் ஓட்ட வேண்டும். மிச்சமிருந்தது அவன்தான். செல்போன் டார்ச்சோடு உள்ளே சுருண்டு படுத்துக்கொண்டான். நான் மூடினேன்.

ஈசிஆரில் மெதுவாகப் போனேன். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேகத்தடை. அதில் ஏறி இறங்கியதும் சத்தம் கிளம்பியது. அடுத்த வளைவிலேயே போலீஸ் தடுப்பு. ஒரு காவலர் கையைக் காட்டினார். நிறுத்தி, கண்ணாடியை இறக்கினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கேந்து வர்ற?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சந்தோஷமாக ஒரு குரல் வந்தது.

"மச்சான், ஆள் சிக்கிட்டான்! கழுத்த புடிச்சா அடங்குது! கைய எட்தா கத்துது!"

காவலர் என்னைப் பார்த்தார். நான் சிரிக்க முயன்றேன். அது நிலைமையை மோசமாக்கியது.

"எறங்கு. டிக்கிய தொற."

திறந்தேன். நண்பன் வியர்வையில் குளித்து, வாயில் செல்போனைக் கவ்வியபடி, ஒரு கறுப்பு ஒயரை இறுக்கிப் பிடித்திருந்தான். காக்கிச் சட்டையைக் கண்டதும் செல்போன் விழுந்தது. ஒயரை மட்டும் விடவில்லை.

"சார், எர்த் ஒயரு லூசு. நீங்களே பாருங்க" என்று கையை எடுத்தான். 'ஙொய்ய்ய்.' பிடித்தான். அமைதி.

காவலர் முகம் மாறாமல் குனிந்து, தானே ஒயரைப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார். "கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடு" என்று என்னை அனுப்பினார். நான் மிதிக்க, அவர் பிடித்துப் பிடித்து விட, பின்னால் ஒரு வேன்காரர் ஹாரன் அடித்தார். காவலர் சட்டென நிமிர்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஓரங்கட்டி சரி பண்ணினு போங்க. இன்னொரு வாட்டி டிக்கில ஆள் ஏத்தினு வந்தீங்க, ரெண்டு பேரையும் உள்ள வெச்சிடுவேன்."

சவுக்குத் தோப்பு நிழலில் நிறுத்திப் பார்த்தோம். எர்த் ஒயர் வண்டித் தகரத்தைத் தொட வேண்டும்; அதன் போல்ட்டை நான் பெயின்ட்டின் மேலேயே முடுக்கியிருந்தேன், அதுவும் அரைகுறையாக. அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று தகரம் தெரிந்ததும் இறுக்கி முடுக்கினோம். பிடுங்கிய ஒயர்களையும் மாட்டினோம். திரும்பும் வழியில் அதே வேகத்தடையில் வேண்டுமென்றே ஏறி இறங்கினேன். பாட்டு மட்டும்தான் கேட்டது. இந்த முறை நண்பன் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் மனைவியை ஏற்றிக்கொண்டு திருப்போரூர் வரை போனேன். நடந்ததைச் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு அவளே பாட்டைக் கூட்டினாள். பின்னாலிருந்து 'தடதட' என்றது. பாட்டின் அதிர்வில் நம்பர் பிளேட் ஆடுகிறது போலும்.

"இது இன்னா புதுசா?" என்றாள்.

நான் நைசாகப் பாட்டைக் குறைத்தேன். அவள் அதை மறுபடி கூட்டிவிட்டு, "வண்டிய நிறுத்துங்க. இந்த வாட்டி நீங்க டிக்கில ஏறுங்க, நான் ஓட்றேன்" என்றாள்.