செத்த மாட்டுக் காதும் கோழிக் கொழம்பும்

எம்மருமவ காலையிலருந்து ஃபோனையே தடவிக்கிட்டிருக்கா. சொசைட்டிக்குப் பாலு ஊத்துறவங்களுக்குக் கவர்மெண்டு குடுக்கற ஊக்கத்தொகை இன்னும் ஏறலையாம். "அத்தே, ஒசூரு ஆபீசுல போயி கேட்டுட்டு வரட்டா?"ன்றா. போயிட்டு வா தாயி, பஸ்ஸுக்காவது வருமானம் ஆவும்னேன். எங்க காலத்துல நாம ஆபீசுக்குப் போவ வேணாம். ஆபீசே ஜீப்பு ஏறி வூட்டுக்கு வரும். வந்து கோழி திங்கும்.

எனக்கு அப்ப ஏழெட்டு வயசு. கெலமங்கலம் பக்கம் எங்கூரு. கவர்மெண்டு லோன்ல வாங்கின பசு ஒண்ணு இருந்துச்சி. அது காதுல நம்பரு அடிச்ச தகரம் குத்தியிருப்பாங்க. பசு செத்துப் போனா காதோட அந்தத் தகரத்தக் காட்டினாத்தான் நஷ்ட ஈடு. எங்க பசு வயிறு உப்பி ஒரு நாளு செத்துப் போச்சி. எங்கப்பா அழுதுக்கிட்டே காத மட்டும் தகரத்தோட அறுத்து, உப்புல போட்டு, பானையில வெச்சி உறியில கட்டிட்டாரு.

அப்பறம் ஆபீசரு வந்தாரு. தெக்கத்திக்காரரு, நல்லா செவசெவன்னு இருப்பாரு. பானைய எறக்குவாங்க. மூக்கப் பொத்திக்கிட்டு எட்டிப் பாப்பாரு. "மேல எழுதிருக்கேன், அடுத்த வாரம் வந்துரும்"பாரு. வந்தவர வெறும் வயித்தோட அனுப்பலாமா? அம்மா ஒரு கோழிய அடிச்சிடுவா. காதப் பாத்த கண்ணு காயறதுக்குள்ள ரெண்டு தொடையும் காணாமப் போயிடும்.

அடுத்த வாரம் பணம் வராது, அவருதான் வருவாரு.

எனக்கு அது திருவிழா மாதிரி. மிஞ்சின கொழம்பும் கழுத்தும் எனக்குத்தான. பணம் லேட்டா வரட்டும் சாமின்னு மாரியாத்தாளக் கும்பிட்டவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். எங்கப்பா செத்த மாட்டுக்கு லோன் கட்டிக்கிட்டிருந்தாரு. ஆடி முடியறதுக்குள்ள பணம் வந்து பசு வாங்கலன்னா அம்மா கல்லு ஒடைக்கப் போவணும்னு பேச்சு. கல்லு ஒடைக்கறதுன்னா ஏதோ வெளையாட்டுன்னு நெனச்சேன்.

கடைசியில கூட்டுல ஒரே ஒரு பொட்டக்கோழி. அதுவும் முட்ட மேல அடைக்கு உக்காந்திருந்துச்சி. ஜீப்பு சத்தம் கேட்டதும் அம்மா கூடைய அது மேல கவுத்து, சாக்கப் போட்டு மூடிட்டா.

"இன்னிக்கு கோழி இல்லிங்க சாரு. களிதான்."

எனக்கு வயிறு எரிஞ்சிச்சி. எங்க வூட்டுப் பேச்சு தெலுங்கு. தெலுங்குலயே கத்துனேன்: "அம்மா, கூடைக்குள்ள ஒண்ணு இருக்குதே!"

அப்பாவுக்கு இருமல் வந்துடுச்சி. ஆபீசரு, "என்னம்மா சொல்லுதா பிள்ள?"ன்னாரு.

அம்மா மொகம் மாறல. "சாருக்குப் பெரிய உருண்டையா வெக்கச் சொல்லுதுங்க."

வெச்சா பாரு, தேங்கா அளவு. ராகிக் களிய மெல்லக் கூடாது, கீரையில பொரட்டி முழுங்கிடணும். அந்த மனுசன் அத மென்னாரு. மேப்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கிச்சி. கண்ணுல தண்ணி. தொண்டையில எறங்கவும் இல்ல, துப்பவும் முடியல.

"கூச்சப்படாதீங்க சாரு"ன்னு அம்மா இன்னொரு உருண்ட வெச்சா. "அடுத்த வாரமும் வாங்க. சுடச்சுட கிண்டி வெக்கறேன்."

அவரு சொம்புத் தண்ணிய மொத்தமா குடிச்சிட்டு, பையத் தொறந்து பேனாவ எடுத்தாரு. "இனி நான் வரத் தேவயில்ல. கையெழுத்த இப்பவே போட்டுருதேன்"னாரு. அந்தக் கையெழுத்துதான் இத்தன நாளா பாக்கியாம்.

ஆடி முடியறதுக்குள்ள பணம் வந்துச்சி. அப்பா சந்தையில செவலப் பசு ஒண்ணு புடிச்சாந்தாரு. ஊரே வந்து பாத்துச்சி. நான் மட்டும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டுத் திரிஞ்சேன். ஜீப்பு வரவே இல்லியே! ஒரு நாளு பொறுக்க முடியாம அம்மாகிட்ட சண்டைக்கே போயிட்டேன்.

"நீ ஒழுங்கா சோறு போட்டிருந்தா அந்த சாரு வந்திருப்பாரில்ல?"

"ஆமாண்டி, என் தப்புதான்"னு சொல்லிட்டு, அம்மா புதுப் பசுவுக்குத் தவுடு கலக்கிக்கிட்டிருந்தா.