பச்சைக்கரைத் துணி

பழியைச் சுமக்கவும் செய்யலாம், வாங்கவும் செய்யலாம். மல்லாங்கிணறு முத்துச்செல்வி முதலில் நான்கு வருடம் சுமந்தாள். வாங்கியது அதற்குப் பிறகு.

ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு, விருதுநகரில் செய்யது அபுதாஹிர் நடத்தும் பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தவள் அவள். ரயில் பெட்டிகளை இழுக்கும் பழைய டீசல் லோகோக்களை ஏலத்தில் எடுத்து, புதுப்பித்த என்ஜினை உள்ளே பொருத்தி, சரக்குப் பெட்டி இழுக்க ஆலைகளுக்கு விற்கிற பட்டறை. நாற்பது ஆண்களுக்கு நடுவே ஸ்பேனர் பிடித்த ஒரே பெண். போர்மேன் ராஜபாண்டியனுக்கு அது முதல் நாளே கண்ணை உறுத்தியது.

ராஜபாண்டியன் வேலைக்காரர், அதை மறுக்க முடியாது. வேலைக்குத் தக்க திமிரும் உண்டு. என்ஜின் பிரிந்து கிடக்கும்போது ஆயில் போகும் துவாரங்களில் தூசி விழாமல் துணியை வைத்து அடைப்பார்கள். பூட்டுவதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். அடைப்பதும் எடுப்பதும் அவர் மட்டும்தான், வேறு யார் கையும் படக்கூடாது. துணியும் அவருடையதே, கிழிந்துபோன பச்சைக்கரை வேட்டி. "கடைத்துணி பஞ்சு விடும்லே, என் வேட்டி விடாது" என்று அதிலும் ஒரு பீத்தல்.

நான்கு வருடத்துக்கு முன் ஓர் ஆலைக்கு அனுப்பிய லோகோ மூன்றாம் நாளே நின்றுபோனது. ஐந்தாம் நம்பர் பேரிங் கருகி என்ஜின் இறுகிவிட்டது. அந்தப் பேரிங்கைப் பூட்டியவள் முத்துச்செல்வி. ராஜபாண்டியன் மேற்கொண்டு பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "பொட்டப்பிள்ள முறுக்குன போல்ட்டு மொதலாளி, வேற எப்படி இருக்கும்?" என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆலைக்கு வேறு என்ஜின் போனது. கருகிய என்ஜின் தார்ப்பாய்க்குள் போனது. அவள் என்ஜின் சாமான் கழுவும் தொட்டிக்குப் போனாள்.

நான்கு வருடம் டீசலில் ஊறி விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. குழம்புச் சோற்றைப் பிசைந்தால் எரியும். கழுவிக் கொடுத்த சாமானை ராஜபாண்டியன் ஓரக்கண்ணால் பார்த்து, "பத்தாது பிள்ள, இன்னொருக்கா கழுவு" என்று திருப்பி அனுப்புவார். அது பளபளவென்றுதான் இருக்கும். அவளும் மறுபேச்சில்லாமல் கழுவுவாள். மனசுக்குள் அவர் குடும்பத்தையே மண்ணள்ளித் தூற்றுவாள்.

இந்த வருடம் புது ஆர்டர் வந்தபோது கைவசம் வேறு என்ஜின் இல்லை. "அந்தத் தார்ப்பாய் என்ஜின எடுங்கப்பா, புதுப்பிச்சிருவோம்" என்றார் அபுதாஹிர். "அது ராசியில்லாதது மொதலாளி, எடைக்குப் போட்டுருவோம்" என்று ராஜபாண்டியன் மூன்று நாள் மல்லுக்கட்டினார். முதலாளி கேட்கவில்லை.

பிரித்த என்ஜின் தொட்டிக்கு வந்தது. ஐந்தாம் நம்பர் பேரிங்குக்கு ஆயில் போகும் துவாரத்தில் முத்துச்செல்வி கம்பியை விட்டாள். போகவில்லை. லேத் ஓட்டும் சுல்தானைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, கொக்கி போட்டு இழுத்தாள். எண்ணெயில் கறுத்த துணி சுருள் சுருளாக வந்தது. ஓரத்தில் பச்சைக் கரை.

"மொதலாளிட்ட ஓடு பிள்ள, இப்பமே காட்டு" என்றார் சுல்தான்.

"வேண்டாம்ண்ணே. நாலு நாளு பொறுங்க. ஆயுத பூசை வருதுல்ல?"

அந்த நாலு நாளும் அவளுக்குப் பழைய சோறுகூட இனித்தது.

ஆயுத பூசைக்குப் பொரிகடலையும் பழமும் வருடா வருடம் அபுதாஹிர் செலவு. அவரவர் கருவியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு வரிசையாக வைப்பார்கள். சூடம் காட்டுவது போர்மேன். தட்டோடு வந்த ராஜபாண்டியன் தன் ஸ்பேனர்களுக்கு முன்னால் வந்ததும் அப்படியே நின்றார். அவற்றுக்குப் பக்கத்தில் வாழையிலை போட்டு, பொட்டும் பூவுமாக அந்தத் துணி இருந்தது.

"இத யாரு இங்கன வச்சது?"

"நாந்தான் அண்ணாச்சி. உங்க ஆயுதம்தான? அஞ்சாம் நம்பர் ஆயில் ஓட்டைக்குள்ள மறந்து வச்சிட்டுப் போயிட்டீக. சுல்தான் அண்ணன் பாக்கத்தான் எடுத்தேன். நாலு வருசமா என்னைய அறுத்தது இதுதான்."

சூடம் அணைந்தது. அபுதாஹிர் துணியை எடுத்துக் கரையைத் தடவிப் பார்த்தார். சுல்தான் தலையாட்டினார்.

"ஏன் பாண்டி, இதுக்குத்தான் எடைக்குப் போடச் சொன்னீகளா?"

நாற்பது பேருக்கு முன்னால் ராஜபாண்டியன் முகம் கறுத்ததை முத்துச்செல்வி கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"ஒனக்கு என்னம்மா செய்யணும்?" என்றார் முதலாளி.

"இந்த என்ஜின நான் பூட்டணும் மொதலாளி. அண்ணாச்சி கழுவித் தரணும்."

விஜயதசமி கழிந்து பட்டறை திறந்த காலையில் ஒருவரும் வேலை பார்க்கவில்லை, வேடிக்கைதான் பார்த்தார்கள். ராஜபாண்டியன் முழங்கை வரை டீசலில் விட்டுத் தேய்த்து, முதல் பிஸ்டனைக் கொண்டுவந்து நீட்டினார். முத்துச்செல்வி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளிச் செம்பு மாதிரி மின்னியது.

"பத்தாது அண்ணாச்சி" என்றாள். "இன்னொருக்கா கழுவுங்க."