ஃபிளைட் போகட்டும்!

2004ஆம் ஆண்டு. தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். முதலாண்டு சேர்ந்திருந்தேன். முதல் செமஸ்டரிலேயே மேடைப்பேச்சு என்று ஒரு பாடம். வகுப்பின் முன்னால் நின்று மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். நானோ பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தவள்.

நமக்குத் தெரிந்தது மனப்பாடம்தானே? நேரத்தின் அருமை பற்றி கைடில் இருந்த கட்டுரையை வரி விடாமல் உருப்போட்டேன். மனப்பாடத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. நடுவில் ஒரு சொல் விட்டுப்போனால் அங்கிருந்து தொடர முடியாது. மறுபடி முதலிலிருந்துதான் வர வேண்டும். அப்படி மூன்று முறை "குட் மார்னிங்" சொன்னேன். நான்காம் முறை வாயைத் திறப்பதற்குள் பின் பெஞ்சு மொத்தமும் கோரஸாக "குட் மார்னிங்" போட்டது. அழுதுகொண்டே போய் உட்கார்ந்தேன்.

மேடம் நல்லவர், ஆனால் கறார். "அடுத்த வாரம் இன்னொரு சான்ஸ் தரேன். அதையும் விட்டேன்னா அரியர்தாம்மா. கைடு வேணாம், உங்க வீட்டுல நடக்கறதைப் பேசு" என்றார்.

எங்கள் வீடு பொழிச்சலூரில். அந்த வருடம் தண்ணீர்ப் பஞ்சம். தண்ணீர் லாரியைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்தேன். எதையும் எழுதி உருப்போடவில்லை.

அந்த நாளும் வந்தது. "பிஃபோர் தி லாரி கம்ஸ், மை மதர்..." என்று சொல்லும்போது தலைக்கு மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது. சட்டென்று நிறுத்திவிட்டேன். பயத்தால் இல்லை, பழக்கதோஷம். விமான நிலையத்தை ஒட்டிய எங்கள் ஏரியாவில் எல்லாரும் அப்படித்தான். அப்பாவைத் திட்டிக்கொண்டிருக்கும் அம்மாகூட, "இருங்க, ஃபிளைட் போகட்டும்" என்று கையைக் காட்டிவிட்டு, சத்தம் ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்தே திட்டைத் தொடர்வார்.

நானும் கையைக் காட்டிவிட்டு நின்றேன். அம்மா என்னதான் செய்தார் என்று வகுப்பே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. சத்தம் ஓய்ந்தது. "...ஃபைட்ஸ் வித் த்ரீ ஆன்ட்டீஸ்" என்றேன். ஒரே சிரிப்பு. போன வாரத்துச் சிரிப்பு இல்லை இது. இன்னும் கொஞ்சம் சிரிக்க மாட்டார்களா என்றிருந்தது எனக்கு.

கொஞ்ச நேரத்தில் அடுத்த வாக்கியம் நிஜமாகவே மறந்துபோனது. வானத்தில் விமானமும் இல்லை. அதனால் என்ன? மனசுக்குள் நானே ஒன்றைப் பறக்கவிட்டேன். பேசாமல் நின்றேன். எல்லாரும் காத்திருந்தார்கள். சொல் தானாக வந்தது. குட் மார்னிங்குக்குத் திரும்பவே இல்லை!

முடித்ததும் முதலில் கைதட்டியது அதே பின் பெஞ்சுதான். "நடுவுல கேப் வுட்டா பாரு மச்சான், செம!" என்றான் ஒருவன். மேடம், "இப்படி நிறுத்திப் பேச எங்கம்மா கத்துக்கிட்டே?" என்று கேட்டார். "பொழிச்சலூர்ல, மேடம்" என்றேன். சந்தோஷத்தில் அன்று கால் தரையில் பாவவே இல்லை.

இன்று நூறு பேர் முன்னால் பேசுவது என் வேலையில் ஒரு பகுதி. இப்போதும் நடுவில் சொல் மறக்கத்தான் செய்கிறது, ஆனால் எனக்கு வியர்ப்பதில்லை; பேச்சு நின்றால் மானம் போய்விடும் என்று நடுங்கியவளுக்கு, நிற்கத் தெரிந்தால்தான் பேசவே முடியும் என்று அன்றே புரிந்துவிட்டது.