நடுவில் நிற்கச் சொன்னது யார்

என் வீட்டில் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஜப்பான்காரர்கள் அழுவார்கள். மலேசியாவில், பாக்கார் ஆராங்கில் எங்களுடையது வரிசை வீடு. பக்கத்து மலாய்க் குடும்பத்துக்கும் அந்த அழுகை கேட்கும். பள்ளி விட்டு வந்ததும் தர்ஷினி அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூனைப் போட்டுவிடுவாள். பேச்சு ஜப்பானியம், கீழே ஓடும் எழுத்து மலாய், நடுநடுவே இவள் போடும் கூச்சல், 'லா' ஒட்டிய இந்த ஊர்த் தமிழ். தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வந்து நான்கு வருடமாகியும் இந்த மூன்றில் கூச்சல் ஒன்றுதான் எனக்கு முழுதாகப் புரிகிறது. பதினாறு வயது தர்ஷினி என் அக்கா மகள். அக்கா மீனா காய்ச்சலில் போன பிறகு, பிள்ளையைப் பார்க்க வேற்று ஆள் வரக்கூடாது என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி, என்னை அக்கா கணவருக்கே கட்டிவைத்தார்கள். ஊரிலிருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. இப்போதும் நான் அவளுக்குச் சின்னம்மாதான்.

போன மாதம் ஒருநாள் அவள் தலையணையைத் தொலைக்காட்சி மேல் வீசினாள். என்னடி என்றேன். முதல் பாகத்தில் வாள் வீசும் நாயகி ஒருத்தி இருந்தாளாம். அவளுக்குப் பை தூக்கிக்கொண்டு, சோறாக்கிப் போட்டு, சிரிக்கவைக்கும் தோழி ஒருத்தி. நாயகி செத்துவிட்டாள், இரண்டாம் பாகத்தில் தோழிதான் நாயகி. இணையத்தில் எல்லோரும் அவளைத் திட்டித் தீர்க்கிறார்களாம்.

"அவ கெட்டவளா?" என்று கேட்டேன்.

"இல்லலா. முன்னாடி எனக்கு அவளத்தான் ரொம்பப் பிடிக்கும். ஆனா யாரு அவள நடுவுல வந்து நிக்கச் சொன்னா? அது அவ இடம் இல்ல, சின்னம்மா."

"கதை எழுதறவன் நிக்க வச்சா அவ என்னடி பண்ணுவா?"

"தெரியும்லா. இருந்தாலும் பாத்தாலே கடுப்பாகுது."

அன்றிலிருந்து நானும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பாகத்தையும் பார்த்தேன். எழுத்து புரியாவிட்டாலும் முகம் புரிகிறதே. செத்துப்போன நாயகி சோற்றைக் கருக்கியபோது அது சோகம். இந்தத் தோழி கருக்கினால் அசட்டை. அவள் அழுதால் நாமும் அழுவோம். இவள் அழுதால் எப்போது முடிப்பாள் என்றிருக்கும். ஓரத்தில் நின்றபோது இவளிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. வந்து சிரிக்கவைத்துவிட்டுப் போனாள், பிடித்திருந்தது. நடுவில் வந்ததும் அவள் நிற்கும் ஒவ்வொரு காட்சியும் செத்தவளிடமிருந்து பிடுங்கியதாகத் தெரிகிறது. அது அவள் தப்பில்லை என்று பார்ப்பவருக்கும் தெரியும். தெரிந்தும் மன்னிப்பதில்லை.

எனக்கும் ஒரு முதல் பாகம் உண்டு. பள்ளி விடுமுறைக்கு அக்கா குடும்பம் ஊருக்கு வரும்போது தர்ஷினி என் இடுப்பை விட்டு இறங்க மாட்டாள். ஐஸ் வாங்கித் தந்ததும், கண்மாயில் குளிக்க வைத்ததும், அக்கா அடிக்க வந்தால் ஒளித்து வைத்ததும் நான்தான். இங்கே வந்து சேர்ந்த பிறகு நான் சொல்லும் எந்த வேடிக்கைக்கும் அவள் சிரித்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: எனக்குப் பொறாமை. இறந்துபோன அக்காமேல் பொறாமை. பழைய சின்னம்மாமேல் அதைவிடப் பொறாமை.

தீபாவளிக்கு முந்தின நாள் இங்கே எல்லாத் தமிழ் வீட்டிலும் முன்னோருக்குப் படையல் உண்டு. சுமங்கலியாகப் போனவளுக்குப் புதுச்சேலை வைத்துக் கும்பிட்டு, மறுநாள் அந்த வீட்டுப் பெண் அதை உடுத்த வேண்டும். அக்காவுக்குப் பிடித்தது மாம்பழ மஞ்சள். எனக்கு அது காமாலை வந்தது மாதிரி இருக்கும். சின்ன வயதில் அவளுக்குச் சின்னதாகிப்போன மஞ்சள் பாவாடைகளைக் கட்டித்தான் வளர்ந்தேன்; மூன்று தீபாவளியாக இங்கேயும் அதே கதை. இந்த வருடம் சுங்கைப் பட்டாணியில் ஜவுளிக்கடைக்குப் போனபோது என் கை தானாகக் கத்தரிப்பூ ஊதாவுக்குப் போனது. என் நிறம். அக்கா தொடவே மாட்டாள்.

விற்கும் மலாய்ப் பெண், யாருக்கு என்று கேட்டாள். "கக்கா" என்றேன், அவர்கள் மொழியில் அக்காவுக்கு அதுதான். கூட்டி வா, மேலே வைத்துப் பார்க்கலாம் என்றாள். வர முடியாது என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். பாவம், வேலை அதிகமோ என்று அவள் இரக்கப்பட்டாள். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஊதாவையே வாங்கி வந்தேன்.

படையலன்று அக்கா படத்தின் முன் கருவாட்டுக் குழம்பும் பலகாரமும் வைத்து, தட்டில் சேலையைப் பிரித்து வைத்தேன். தர்ஷினி பார்த்தாள். "இது உங்க கலர்," என்றாள். அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் விளக்கைத் தூண்டிக்கொண்டே, "நல்லாத்தானே இருக்கு," என்றார். அவருக்கு எல்லாச் சேலையும் சேலைதான். தர்ஷினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படத்திலிருந்த அக்காவைப் பார்க்க எனக்கு முகமில்லை. செத்தவள் சேலையில்கூடப் போட்டி போட்டவள் என்று இந்தப் பிள்ளை ஆயுசுக்கும் நினைக்கப்போகிறாளே.

சற்று நேரத்தில் அலமாரியிலிருந்த அக்காவின் பழைய மஞ்சள் சேலையோடு வந்து, அதை ஊதாவின் பக்கத்தில் வைத்தாள்.

"அம்மாவுக்கு இது. அத நீங்க கட்டிக்குங்க."

"அப்ப மஞ்சள யாரு கட்டுறது?"

"நான்தான். மடிப்பு மட்டும் வச்சி விடுங்க சின்னம்மா, எனக்குத் தெரியாது."

தீபாவளிக் காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்து, ஊதாவை உடுத்திக்கொண்டு, அவள் முன் முழங்காலிட்டு மடிப்பு வைத்தேன். நிமிர்ந்தபோது பதினாறு வயது மீனா நின்றாள். அந்த மஞ்சள் அவளுக்கு அப்படிப் பொருந்தியது. சந்தோஷமாகத்தான் இருந்தது, கூடவே வயிற்றெரிச்சலும். ஊருக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். அம்மா திரையைப் பார்த்ததும், "மீனா, வந்துட்டியாடி," என்று ஓவென்று அழ ஆரம்பித்தாள். அங்கே வீடு நிறைய ஆட்கள் கூடிவிட்டார்கள். இங்கே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புதுச்சேலை கட்டியிருந்த நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்ததால் எந்தப் பக்கத்துக்கும் தெரியவில்லை.

"சின்னம்மா, கைய ஆட்டாதீங்கலா," என்றாள் தர்ஷினி. "அவங்களுக்கு நான் சரியாத் தெரியல."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.